இடமா, வலமா? – இரு நாட்டுச் சாலை வழக்கங்கள்

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் நமக்கு வண்டிகள் புதியவை அல்ல. அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டிலேயே மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களிலிருந்து நாட்டின் படைக்கு டாங்கிகளைச் செய்து தந்துள்ளது. பூந்தமல்லியைத் தாண்டிச் சென்றால், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் நிறுவனத்தார் கார்களைத் தயாரித்து வருகின்றனர். இரு சக்கர வண்டி முதல் இரும்புக் கோட்டை போன்ற டாங்கி வரை பிறக்கும் பூமி இது.

இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் கார்களில் ஒரு புதுமை உண்டு. நம் ஊரில் ஓடப்போகும் காரின் ஸ்டியரிங் வலப்புறம் இருக்கும். சென்னைத் துறைமுகத்தின் வழியாக சவூதி அரேபியாவுக்கும் மெக்சிகோவுக்கும் கப்பலேறிச் செல்லும் கார்களிலோ அது இடப்புறம் இருக்கும். செய்பவர்கள் அதே தொழிலாளர்கள், செய்யும் இடமும் அதே தொழிற்சாலை. அப்படியிருக்க ஏன் இந்த வேற்றுமை? நாட்டுக்கு நாடு சாலை விதி மாறுவதே காரணம். அந்த வேற்றுமைகளை நாம் இக்கட்டுரையில் காண்போம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, நம் வீடுகளிலிருந்து அண்ணன்மாரும் அக்காமாரும் கல்விக்காகவும் பணிக்காகவும் சென்றிருக்கும் அமெரிக்க நாட்டையே எடுத்துக்கொள்வோம்.

பிரிவு தோன்றிய விதம்

இந்தியாவில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் நமக்கு வந்த வழக்கம் இது. அவர்கள் நாட்டில் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இடப்புறம் செல்வதைக் கட்டாயமாக்கியது. அவர்கள் ஆண்ட நாடுகளுள் பலவும் அதையே பின்பற்றின. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வாழும் நம் தமிழ் மக்களும் இடப்புறமே செல்கின்றனர். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்த வழக்கத்தை உடையவர்கள்.

அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்ததுதான். ஆயினும் அது வலப்புறத்தைத் தேர்ந்துகொண்டது. அங்கே பல குதிரைகள் பூட்டிய பெரிய பார வண்டிகளில் ஓட்டுநருக்குத் தனி இருக்கை இல்லை. அவர் இடப்பக்கத்துக் கடைசிக் குதிரையின் மேல் அமர்ந்து, வலக்கையால் சாட்டையைச் சுழற்றுவார். எதிரே வரும் வண்டியின் சக்கரம் தம் வண்டியில் உரசாமல் பார்த்துக்கொள்ள, அவ்வண்டி தமக்கு இடப்பக்கமாகக் கடந்து செல்வதே அவருக்கு வசதி. அதனால் வலப்புறம் ஒதுங்கும் வழக்கம் பிறந்தது என்பர். பென்சில்வேனியா மாநிலம் 1792ஆம் ஆண்டிலும், நியூயார்க் மாநிலம் 1804ஆம் ஆண்டிலும் இதனைச் சட்டமாக்கின. 1908ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தன் புகழ்பெற்ற 'மாடல் டி' காரில் ஸ்டியரிங்கை இடப்புறம் அமைத்தது. அமெரிக்கக் கார்கள் பலவும் அவ்வழியே சென்றன.

இடப்புறம் செல்லும் நாட்டில் ஸ்டியரிங் வலப்புறமும், வலப்புறம் செல்லும் நாட்டில் இடப்புறமும் இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஓட்டுநர் சாலையின் நடுப்பக்கமாக அமர்ந்தால்தான், முன்னே செல்லும் லாரியை முந்தும்போது எதிரே வருவதைக் காண முடியும். இதை மறந்தால் என்னவாகும் என்பதற்குப் பர்மா நாடு ஓர் எடுத்துக்காட்டு. நம் முன்னோர் பலர் வாழ்ந்து திரும்பிய அந்நாடு 1970ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இடப்புறத்திலிருந்து வலப்புறத்திற்கு மாறியது. ஆனால் பின்னர் ஜப்பானிலிருந்து அங்கு வந்து குவிந்த பழைய கார்களின் ஸ்டியரிங் வலப்புறமே இருந்தது. ஓட்டுநர் சாலை ஓரமாக அமர்ந்திருப்பார். முன்னே செல்லும் வண்டியை முந்த வேண்டுமானால், அருகில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்!

எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது?

இடமும் வலமும் ஓட்டுநருக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. நடந்து செல்லும் நமக்கும் அது உயிர்ச் செய்தி. நம் நாட்டில் சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்புறம், பிறகு இடப்புறம், மீண்டும் வலப்புறம் பார்க்க வேண்டும். நமக்கு அருகில் உள்ள பாதியில் வண்டிகள் வலப்புறமிருந்தே வரும். அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே முதலில் இடப்புறம் பார்க்க வேண்டும்.

பழக்கம் எவ்வளவு வலிமையானது என்பதை ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில் 1931ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் டாக்சியிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தார். இங்கிலாந்தில் பார்ப்பது போலவே ஒரு பக்கம் பார்த்தார். கார் மறுபக்கத்திலிருந்து வந்து அவரை மோதித் தள்ளியது. தலையிலும் உடலிலும் பலத்த காயங்களுடன் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உலகம் சுற்றிய அறிஞருக்கே இந்நிலை என்றால், முதன்முறை வெளிநாடு செல்லும் நம் பாட்டிமார் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! லண்டன் மாநகரில் இன்றும் பல இடங்களில் 'வலப்புறம் பாருங்கள்' என்று தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு விருந்தினரின் உயிரைக் காக்கும் எழுத்துகள் அவை.

நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது நல்லது. ஆகவே அமெரிக்காவில் இடப்புற ஓரமாகவும், நம் ஊரில் வலப்புற ஓரமாகவும் நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருவதை நாம் அறிய முடியாது அல்லவா?

ஒரே சைகை, இரு பொருள்

சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத விதிகளும் உண்டு. அவற்றை வழக்கம் என்கிறோம். வேறொரு நாட்டுக்குச் செல்பவரைத் திகைக்க வைப்பவை பெரும்பாலும் இவையே.

எதிரே வரும் வண்டி முகப்பு விளக்கை மின்னவிட்டால் நம் ஊரில் என்ன பொருள்? 'நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்' என்று பொருள். அமெரிக்காவில் ஒரு சந்திப்பில் நிற்கும்போது எதிரே இருப்பவர் அவ்வாறு செய்தால், பெரும்பாலும் 'நான் நிற்கிறேன், நீ போ' என்று பொருள். ஒளி ஒன்றுதான், சொல்லும் செய்தியோ நேர் எதிரானது. இங்கே அதைப் 'போ' என்று புரிந்துகொண்டவரின் கதி என்னவாகும்!

ஹாரன் ஒலியும் அப்படியே. நம் லாரிகளின் பின்புறம் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். ஒலி எழுப்பாமல் முந்துவதுதான் இங்கே மரியாதைக் குறைவு. அமெரிக்காவின் ஊர்களில் காரணமின்றி ஹாரன் அடிப்பது ஒருவரை முகத்துக்கு நேரே திட்டுவதற்கு ஒப்பாகும். அதற்காக நம் நாட்டில் ஒலிக்கு வரம்பே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி, மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது. பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் பள்ளி வாசலில் எழும் ஓசையைக் கேட்டால், அந்த விதி நமக்கு நினைவுக்கு வருகிறதா?

நம் ஊர் ஆட்டோ ஓட்டுநர் காலை வெளியே நீட்டித் திரும்புவார். பேருந்து நடத்துநர் சன்னல் வழியே கையை ஆட்டிப் பின்னால் வருபவரை நிறுத்துவார். இடப்புறம் செல்லும் பேருந்தில் நின்றுகொண்டு அவர் 'ரைட், ரைட்' என்று குரல் கொடுப்பதைக் கேட்டால் அமெரிக்கர் குழம்பித்தான் போவார்!

எண்களிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் வேகத்தை மைல் கணக்கில் சொல்வார்கள். ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். அங்கே பலகையில் 60 என்றிருந்தால் அது மணிக்கு 96 கிலோமீட்டர். குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலும் 25 மைல், அதாவது 40 கிலோமீட்டரே வரம்பு.

ஆளில்லா இடத்தில் நிற்பவர்கள்

அமெரிக்காவின் சிற்றூர்களில் நான்கு தெருக்கள் கூடும் இடத்தில் சிக்னல் விளக்கு இராது, காவலரும் இருக்க மாட்டார். நான்கு பக்கமும் 'நில்' என்று எழுதிய சிவப்பு எண்கோணப் பலகை மட்டும் இருக்கும். அங்கே வரும் ஒவ்வொரு வண்டியும் முழுதாக நிற்க வேண்டும். யார் முதலில் வந்து நின்றாரோ அவரே முதலில் செல்வார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு முதலிடம். நள்ளிரவில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாரும் இல்லாதபோதும் நின்று செல்வதே அங்கு சட்டம். பலர் அவ்வாறே செய்கின்றனர்.

அங்கே பல சந்திப்புகளில் சிவப்பு விளக்கு எரியும்போதும் வலப்புறம் திரும்பலாம். நம் ஊரில் பல சந்திப்புகளில் இடப்புறம் திரும்ப விடுவதைப் போன்றது அது. ஆனால் அங்கே முதலில் வண்டியை முழுதாக நிறுத்த வேண்டும். நடந்து கடப்பவர்களைப் போகவிட்ட பின்பே திரும்ப வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உள்ள நாடு அது. நியூயார்க் நகரத்திலோ, பலகை அனுமதித்தாலன்றி அவ்வாறு திரும்பக் கூடாது.

நடப்பவருக்கு வழிவிடுவது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய சட்டம் என்று சிலர் நினைக்கலாம். அது சரியன்று. 2017ஆம் ஆண்டில் வந்த நம் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும், விளக்கில்லாத நடைக்கடவையில் நடப்பவருக்கே முதல் உரிமை தருகின்றன. சட்டம் இரு நாட்டிலும் ஒன்றே. ஆனால் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோடுகளின் மேல் கால் வைத்தவுடன் வண்டிகள் நிற்கும் என்று நம்பி நடப்பவர் யார்? சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, மக்கள் வழக்கத்தில் இருப்பது வேறு. இரு நாட்டுக்கும் உள்ள உண்மையான வேற்றுமை இங்கேதான் இருக்கிறது.

மஞ்சள் நிறப் பேருந்து

பள்ளி மாணவியராகிய நாம் பெரிதும் வியக்க வேண்டிய விதி ஒன்று அமெரிக்காவில் உண்டு. அங்கே பள்ளிப் பேருந்துகள் 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் கூடிய ஒரு மாநாட்டின் முடிவுப்படி மஞ்சள் நிறம் பெற்றன. விடியற்காலை மங்கலிலும் அந்நிறம் தெளிவாகத் தெரியும் என்பதே காரணம். பேருந்து நின்று பிள்ளைகள் இறங்கும்போது அதன் சிவப்பு விளக்குகள் மின்னும். பக்கவாட்டிலிருந்து 'நில்' என்னும் பலகை ஒரு கைபோல நீளும். அந்நேரம் பின்னால் வரும் வண்டிகள் மட்டுமின்றி, நடுத்தடுப்பு இல்லாத சாலையானால் எதிரே வரும் வண்டிகளும் நின்றுவிட வேண்டும். கோடீசுவரரின் காரானாலும் ஒரு சிறு குழந்தைக்காகக் காத்து நிற்கும். குழந்தை பேருந்தின் முன்பக்கமாகச் சாலையைக் கடந்து சென்ற பின்பே யாவும் நகரும்.

தமிழகத்துப் பள்ளிப் பேருந்துகளும் மஞ்சள் நிறமே. 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் தாம்பரம் அருகே ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். தமிழகமே கண்ணீர் விட்டது. அவ்வாண்டே அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, பிள்ளைகளை இறக்கிவிட உதவியாளர் ஆகியவை கட்டாயமாயின. ஒரு குழந்தையின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற விதிகள் இவை என்பதை நாம் மறக்கலாகாது.

ஆயினும், நிற்கும் பள்ளிப் பேருந்தைக் கண்டு இருபுறமும் வண்டிகள் நிற்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கக் குழந்தை பேருந்துக்கு முன்னால் கடப்பது பாதுகாப்பு. நம் ஊரில் அதே செயல் ஆபத்து. நின்றிருக்கும் பேருந்தின் மறைவில் நாம் இருப்பதை அதை முந்தி வரும் இரு சக்கர வண்டிக்காரர் அறியார். பேருந்து சென்ற பின், சாலை இருபுறமும் தெளிவாகத் தெரியும் வரை காத்திருந்தே நாம் கடக்க வேண்டும்.

நமக்கே உரிய விதிகள்

எல்லாவற்றிலும் பிற நாடே உயர்ந்தது என்று கூறுவதற்காக நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. நம் நாட்டில் ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வயது வந்தோர் தலைக்கவசம் இன்றியே மோட்டார் சைக்கிளில் செல்லலாம்.

மற்றொரு விதி நம் தாய்மார்களை நினைத்தே எழுதப்பட்டது போல இருக்கிறது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் ஒரு தடுப்பு வேண்டும், பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி எத்தனையோ குடும்பங்கள் துயருற்றதன் விளைவு அது. அழகுக்கு இடையூறு என்று அந்தத் தடுப்பைக் கழற்றி விடுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

உரிமம் பெறும் வயதிலும் வேற்றுமை உண்டு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 16 வயதில், படிப்படியான கட்டுப்பாடுகளுடன் கார் ஓட்ட விடுகிறார்கள். இங்கே 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, வயது வராதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும். அன்புள்ள பெற்றோரே, கடைக்குப் போய்வர ஸ்கூட்டர் சாவியை மகளிடம் கொடுக்குமுன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒரே இரவில் மாறிய நாடு

சுவீடன் நாட்டு மக்கள் 1967ஆம் ஆண்டு வரை இடப்புறமே சென்றனர். அண்டை நாடுகள் வலப்புறம் சென்றதால் அரசு மாற்றம் கொண்டுவர எண்ணியது. 1955இல் மக்களிடம் வாக்கெடுத்தபோது 100க்கு 80 பேருக்கு மேல் மறுத்தனர். எனினும் அரசு முடிவு செய்தது. பால் பெட்டிகளில் கூட அறிவிப்பு அச்சிட்டு நாட்டையே ஆயத்தப்படுத்தினர். 1967 செப்டம்பர் 3ஆம் நாள் அதிகாலை 4.50 மணிக்கு ஓடிய வண்டிகள் எல்லாம் நின்றன. மெல்ல வலப்புறத்திற்கு ஒதுங்கின. 5 மணி அடித்ததும் புதிய பக்கத்தில் ஓடத் தொடங்கின.

அதன் பிறகு நடந்ததே நமக்குப் பாடம். குழப்பம் மிகும், விபத்து பெருகும் என்று பலர் அஞ்சினர். ஆனால் விபத்துகள் குறைந்தன! புதிய வழக்கம் ஆதலால் ஒவ்வொருவரும் அஞ்சி, மெதுவாக, அடுத்தவரைப் பார்த்து ஓட்டினர். ஓரிரு ஆண்டுகளில் புதுமை பழகிவிட்டது. விபத்துகளும் பழைய அளவுக்குத் திரும்பின. உயிரைக் காத்தது இடமும் அன்று, வலமும் அன்று. மக்களின் கவனமே காத்தது.

அந்நாட்டார் அத்துடன் நிற்கவில்லை. சாலையில் ஓர் உயிரும் போகக் கூடாது என்னும் கொள்கையை 1997ஆம் ஆண்டு அவர்கள் நாடாளுமன்றம் ஏற்றது. 2022ஆம் ஆண்டில் அங்கே லட்சம் பேருக்கு ஏறத்தாழ 2 பேரே சாலையில் உயிரிழந்தனர். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அவ்வாண்டில் அது லட்சத்துக்கு ஏறத்தாழ 12 அல்லது 13 பேர். வலப்புறம் செல்லும் பணக்கார நாடும் இடப்புறம் செல்லும் நம் நாடும் இத்துயரில் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கின்றன. நம் நாட்டில் அவ்வோராண்டில் மாண்டவர் 1,68,491 பேர். அவருள் இரு சக்கர வண்டியில் சென்றவர் 74,000க்கும் மேல், நடந்து சென்றவர் 32,000க்கும் மேல். இவர்கள் வெறும் எண்கள் அல்லர். மாலையில் வீடு திரும்புவார் என்று யாரோ காத்திருந்த மனிதர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

சாலை விதி என்பது முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்குறுதி. 'நான் இந்தப் பக்கமே வருவேன், நீ அந்தப் பக்கம் நம்பிப் போகலாம்' என்பதே அதன் சாரம். பக்கம் எதுவானாலும் வாக்குத் தவறக் கூடாது. ஒரு 'யூ' வளைவைத் தவிர்ப்பதற்காக நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டி வருபவர் மீறுவது அந்த வாக்குறுதியைத்தான். ஐந்து நிமிடம் மிச்சம் என்று எண்ணுகிறார். அதே சாலையில் வலப்புறம் மட்டும் பார்த்துக் கடக்கும் குழந்தை, இடப்புறமிருந்து இவர் வருவதை எப்படி அறியும்? பள்ளிக்குப் பிள்ளையை நேரத்தில் சேர்க்க வேண்டும் என்று அவ்வாறு வரும் பெற்றோரும் நம்மிடையே இருக்கின்றனர். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி சாலைக்கும் பொருந்தும்.

2007ஆம் ஆண்டு வத்திக்கான் திருப்பீடம் வாகன ஓட்டிகளுக்கெனப் பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. அவற்றுள் முதலாவது கொலை செய்யலாகாது என்பதே. சாலையில் கவனமின்மையும் உயிரைப் பறிக்கும் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

மாணவியராகிய நாம் இன்றே தொடங்கலாம். அரசு தந்த மிதிவண்டியில் வருவோர் இருவர் இருவராகப் பேசிக்கொண்டு இணையாக ஓட்டாமல், ஒருவர் பின் ஒருவராக இடப்புற ஓரத்தில் வருவோம். திரும்புமுன் கையைக் காட்டுவோம். துப்பட்டாவை முடிந்துகொண்டு வண்டியில் ஏறுவோம். வலம், இடம், மீண்டும் வலம் பார்த்துக் கடப்போம். அப்பாவின் வண்டியில் ஏறுமுன் 'எனக்கும் தலைக்கவசம் வேண்டும்' என்று கேட்போம். ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால் வழிவிடச் சொல்வோம்.

நாளை நம்மில் பலர் ஓட்டுநர் உரிமம் பெறுவோம். சிலர் கடல் கடந்து சென்று வலப்புறச் சாலைகளில் கார் ஓட்டுவோம். எந்த நாட்டில் இருந்தாலும், எந்தப் பக்கம் சென்றாலும், நம்மைவிட எளியவர் சாலையில் வரும்போது நாம் நிற்கப் பழகியிருந்தால் போதும். அந்தப் பழக்கத்தை உரிமத்துடன் சேர்த்து எந்த அலுவலகமும் கொடுக்காது. அதை நாம்தான் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும்.